ஸ்டட்லண்ட் புதர்வெளி: 630 மைல் பாதையின் முதல் ஐந்து கிலோமீட்டரை வேகமாகக் கடந்துவிடலாமா?

காவிரிக்கரையான் | 14 மே 2025

நண்பர்களுக்கு வணக்கம். சௌத்தாம்ப்டனில் இருக்கிறேன். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரப் பாதை முழுவதையும், அதாவது 630 மைலையும், விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து முடிப்பது என்று முடிவெடுத்திருக்கிறேன். வழிகாட்டிகள் சாமர்செட்டின் மைன்ஹெட்டில் தொடங்கி, பூல் துறைமுக வாயிலில் இருக்கும் சவுத் ஹேவன் பாயின்ட்டில் முடிக்கின்றன. எனக்குப் பூல்தான் பக்கம் என்பதால் அவர்கள் முடிக்கும் இடத்தில் நான் தொடங்குகிறேன். ஜூன் முதல் வாரம் தஞ்சாவூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருப்பார்கள். முதல் நாளாவது அவர்களோடு நடக்க ஆசை. அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 63. இருவரும் நன்றாக நடப்பவர்கள்.

தயக்கம் ஒன்றுதான். படகிலிருந்து இறங்கியதும் வருவது ஸ்டட்லண்ட் இயற்கைக் காப்பகம். கடந்த பிப்ரவரியில் அங்கே போய்ப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை முழங்கால் உயரத்துக்குப் பழுப்புப் புதர். ஒதுங்க நிழல் இல்லை. அது போதாதென்று ஏழெட்டுப் பேர் கைரம்பத்தால் இளம் பைன் மரங்களை அறுத்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். காப்பகம் என்று பலகை வைத்துவிட்டு மரத்தை வெட்டுகிறார்களே என்று மனம் பொறுக்காமல் அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டேன்.

கடற்கரை மணலிலேயே நடந்து அந்த இடத்தைக் கடந்து, ஓல்டு ஹாரி வெள்ளைப் பாறைகளுக்குப் போய்விடலாம் என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்தப் புதரில் அப்பா அம்மாவுக்குக் காட்ட ஏதாவது இருக்கிறதா?

யாழ்நடை | 14 மே 2025

தம்பி, நாங்கள் மூன்று முறை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு லண்டனிலிருந்து போயிருக்கிறோம். போன்மத்திலிருந்து ஸ்வானேஜுக்குப் போகும் 50ஆம் எண் பஸ், சாண்ட்பேங்க்ஸில் சங்கிலிப் படகில் ஏறி அப்படியே அக்கரைக்கு வந்துவிடும். சில நிமிடப் பயணம்தான். இறங்கியவுடன் நீல நிறத்தில் ஓர் உலோகச் சின்னம் தெரியும். பாதை அங்கேதான் தொடங்குகிறது.

கடற்கரையிலேயே நடப்பது பற்றி ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஷெல் பே கடற்கரைக்கும் நோல் பீச்சுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், ஆடையின்றி வெயில் காய்பவர்களுக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. கடலோரப் பாதை அதற்கு நடுவிலேயே போகிறது. பலகை இருக்கிறது, யாரும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ஆனாலும் அப்பா அம்மாவோடு போகும்போது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். மணல்மேடுகளுக்குப் பின்னால் 'ஹெதர் வாக்' என்று ஒரு வழி, கம்பங்கள் நட்டுக் காட்டியிருக்கிறார்கள். அது புதர்வெளி வழியாகவே நோல் பீச்சுக்குக் கொண்டுபோய்விடும். அங்கே நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் தேநீர்க்கடையும் கழிவறையும் இருக்கின்றன.

உண்ணி கவனம். முழுக்கால்சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்பு மூன்றையும் பாருங்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். லைம் நோய் அப்படித்தான் தொடங்கும்.

பூல்வாசி | 15 மே 2025

தம்பி காவிரிக்கரையானுக்கு. பிப்ரவரியில் நீங்கள் பார்த்தது எங்கள் குழுவாகவும் இருக்கலாம். பதினொரு ஆண்டுகளாகக் குளிர்காலத்தில் அந்த வேலைக்குத் தன்னார்வலனாகப் போகிறேன். முதல் நாள் என் கையில் ரம்பத்தைக் கொடுத்தபோது நானும் உங்களைப்போலவே தயங்கி நின்றேன். மரம் நடுவதைப் புண்ணியம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புதர்வெளி தானாக உண்டானதன்று. முன்பு அது காடு. சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன்பு, வெண்கலக் காலத்தில், மக்கள் மரங்களை வெட்டி உழுதார்கள். அடியில் இருப்பதோ வெறும் மணல். மரம் போனதும் மழை சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. மண் புளித்து, பயிர் ஏறாத நிலமாயிற்று. அந்த ஏழை மண்ணில் ஹெதர் என்ற குட்டைப் புதர்ச்செடியும் கோர்ஸ் என்ற முட்புதரும் மட்டும் பிடித்து நின்றன. பிறகு தலைமுறை தலைமுறையாக மக்கள் அங்கே மாடும் குதிரையும் மேய்த்தார்கள், அடுப்புக்குப் புல்கரணை வெட்டினார்கள், ரொட்டி சுடும் அடுப்புக்குக் கோர்ஸ் முள்ளை அறுத்துக் கட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டே இருந்ததால்தான் வெளி வெளியாக இருந்தது.

எடுப்பது நின்றதும் வெளி சுருங்கியது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த டார்செட் மாவட்டத்தில் சுமார் 40,000 ஹெக்டேர் இருந்தது. 1980களுக்கு வரும்போது அதில் ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. உரம் வந்ததும் உழுதார்கள், ஊர் வளர்ந்ததும் வீடு கட்டினார்கள். 1919இல் வனத்துறை ஆணையம் வந்த பிறகு பெரும்பரப்பில் வரிசை வரிசையாகப் பைன் நட்டார்கள். அந்தப் பைன்களின் விதை காற்றில் பறந்து வந்து காப்பகத்தில் முளைக்கிறது. பதினைந்து இருபது ஆண்டுகள் விட்டுவிட்டால் அடியில் நிழல் விழுந்து ஹெதர் செத்துவிடும். வெயிலை நம்பி வாழும் மணல் பல்லியும் அதோடு போய்விடும்.

நாங்கள் அறுத்ததை அங்கேயே போட்டுவிட்டும் வர முடியாது, பல இடங்களில் குவித்து எரிக்கிறோம். மக்கினால் மண்ணுக்குச் சத்து ஏறும். சத்து ஏறினால் புல்லும் முட்செடியும் வந்து ஹெதரை அமுக்கிவிடும். அந்த மண்ணின் ஏழ்மையைக் காப்பாற்றுவதுதான் எங்கள் வேலை.

வேம்படி | 15 மே 2025

பூல்வாசி ஐயா எழுதியது: "அந்த மண்ணின் ஏழ்மையைக் காப்பாற்றுவதுதான் எங்கள் வேலை."

மரியாதையோடு மாறுபடுகிறேன். மனிதன் காட்டை அழித்ததால் உண்டான நிலம் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் காடு திரும்பி வருவது அதற்கு ஆறுதல் அல்லவா? 4000 ஆண்டுப் பழைய தவறை ஏன் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்? உலகம் சூடாகிக்கொண்டிருக்கும்போது காற்றிலுள்ள கரியை (கார்பனை) உறிஞ்சும் மரத்தை அறுத்து எரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரிட்டன் ஐரோப்பாவிலேயே மரம் குறைந்த நாடுகளில் ஒன்று.

தும்பி | 15 மே 2025

வேம்படி, நியாயமான கேள்வி. நானும் பலநாள் இதை யோசித்திருக்கிறேன். நான் வந்து சேர்ந்த இடம் இது. நிலத்தை உண்டாக்கியது மனிதர்கள்தாம். ஆனால் 4000 ஆண்டுகளில் அதை வீடாக்கிக்கொண்ட உயிர்களுக்கு இப்போது வேறு வீடு இல்லை. பிரிட்டனின் பூர்வீக ஊர்வன மொத்தமே ஆறு. மூன்று பாம்பு, மூன்று பல்லி. ஆறும் ஒன்றாக வாழும் இடங்கள் மிகச் சில, இந்தப் பகுதி அவற்றில் ஒன்று. டார்ட்ஃபர்ட் கதிர்க்குருவி குளிர்காலத்திலும் நாட்டைவிட்டுப் போகாமல் கோர்ஸ் புதருக்குள் சிலந்தியும் பூச்சியும் தேடித் தின்று பிழைப்பது. 1962-63 கடுங்குளிருக்குப் பிறகு நாடு முழுவதும் பத்துப் பன்னிரண்டு ஜோடிகள்தாம் உயிரோடு இருந்தன. அங்கிருந்து அது மீண்டு வந்ததற்கு இந்தத் தெற்குப் புதர்வெளிகளே காரணம். உலகில் மிஞ்சியிருக்கும் தாழ்நிலப் புதர்வெளியில் ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டனில் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள். மரத்தை வேறு எத்தனையோ இடங்களில் வளர்க்கலாம். இதை வேறு எங்கே வளர்ப்பது?

கரியைப் பற்றியும் ஒன்று. ஸ்டட்லண்டில் ஈரச் சதுப்பு நிலமும் இருக்கிறது. அதன் அடியில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த கரி, பீட் என்ற பாதி மக்கிய செடிகளின் மண்ணாகக் கிடக்கிறது. பைன் அங்கே வேரூன்றினால் நீரை உறிஞ்சிச் சதுப்பைக் காய வைக்கும். காய்ந்த பீட் தன் கரியைக் காற்றில் விட்டுவிடும்.

கோத்தகிரியான் | 16 மே 2025

நீலகிரிக்காரன் என்பதால் ஒரு வார்த்தை. எங்கள் மலைப் புல்வெளியையும் வெள்ளைக்காரர்கள் தரிசு என்று எண்ணித்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை (வாட்டில்) மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள். இன்று அந்தச் சீகையை அகற்றிப் புல்லைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபடுகிறோம். மரம் எல்லா இடத்திலும் மருந்தாகாது என்பதை ஊற்று வற்றிய பிறகு கற்றோம்.

வேம்படி | 16 மே 2025

தும்பி, பீட் மண்ணைப் பற்றி எனக்குத் தெரியாது, நன்றி. சதுப்பைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறுத்ததை அங்கேயே எரிப்பதை இன்னும் ஏற்கவில்லை. வெளியே எடுத்துக்கொண்டு போய் எதற்காவது பயன்படுத்தலாமே.

பூல்வாசி | 16 மே 2025

அதில் உங்களோடு நிற்கிறேன், வேம்படி. அந்தப் புகை எனக்கும் பிடிப்பதில்லை. வண்டி போகும் இடங்களில் வெளியே எடுத்து வரத்தான் செய்கிறோம். சதுப்புக்குள் வண்டி இறங்கினால் அது உண்டாக்கும் பள்ளம் பல ஆண்டுகளுக்கு ஆறாது. அங்கேதான் வேறு வழியில்லை. ரம்பத்தின் வேலையைக் குறைக்கத்தான் இப்போது மாட்டையும் எக்ஸ்மூர் மட்டக்குதிரையையும் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். 2020இல் சுற்றுவட்டாரத்துப் புதர்வெளிகளை ஒன்றாகச் சேர்த்து, 3,331 ஹெக்டேருக்குப் 'பர்பெக் ஹீத்ஸ்' என்ற ஒரே தேசியக் காப்பகமாக அறிவித்தார்கள். வேலி குறைந்ததால் கால்நடை தன் போக்கில் அலைந்து மேய்கிறது. எங்கே கடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது எங்களைவிட அதற்குத் தெரியும்.

யாழ்நடை | 17 மே 2025

ஒரு சொல் யோசனை. எல்லாரும் 'புதர்' என்றே எழுதுகிறீர்கள். வெட்டி எறிய வேண்டியது என்ற நினைப்பு அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது. எங்கள் ஊரில் உழாமல், வேலியிடாமல், ஊர் மாடெல்லாம் மேயும் வெளியைத் 'தரவை' என்போம். இந்த வெளிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'ஹீத்' என்பதற்கு அதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பூல்வாசி | 17 மே 2025

நல்ல சொல், தங்கச்சி. தரிசு என்றால் விதைக்காமல் விட்ட நிலம், தரவை என்றால் மேய்ச்சலுக்கென்றே இருக்கும் நிலம். வேறுபாடு பெரியது. இனி அப்படியே எழுதுகிறேன்.

தம்பி, அப்பா அம்மாவை எப்படி நடத்திக்கொண்டு போக வேண்டும் என்று சொல்கிறேன். கரையிலிருந்து உள்நோக்கி நடங்கள். உள்ளே இருக்கும் தரவை பழையது, ஆனால் படகு இறங்கும் முனையின் மணல்மேடுகளுக்கு ஐந்நூறு வயதுகூட இல்லை. முன்பு அங்கே கடல் இருந்தது. அலை கொண்டுவந்த மணல் ஒரு வரிசையாக மேடிட்டது, பிறகு அதற்கு முன்னால் இன்னொரு வரிசை, பிறகு மூன்றாவது. அதனால் கடலோர மேட்டில் நிற்கும்போது கூரான மாரம் புல் மட்டும் காலைக் குத்தும், மணல் வெளிறி இருக்கும். அடுத்த மேட்டில் ஹெதர் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கும். அதற்கடுத்த மேட்டில் மண்ணே தெரியாது. நூறு ஆண்டுக்கு ஒரு படி என்று இறங்கிப் போவது போல இருக்கும். இரண்டு மேட்டுக்கு நடுவே சிக்கிக்கொண்ட கடல்தான் 'லிட்டில் சீ' என்ற ஏரி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் கடலோடு முழுவதும் தொடர்பு அறுந்தது. இப்போது நல்ல தண்ணீர். இந்த மார்ச்சில் அங்கே நான்கு பீவர்களை (மரத்தைக் கடித்து அணை கட்டும் கொறிவிலங்கு) விட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் உரிமம் பெற்று, வேலியில்லாத இயற்கை வெளியில் திறந்துவிடப்பட்ட முதல் பீவர்கள் அவை.

1930களில் சிரில் டைவர் என்பவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு இந்த முனையின் செடி, பூச்சி, நத்தை என்று ஒவ்வொன்றையும் கணக்கெடுத்தார். பின்னால் பிரிட்டனின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்கு முதல் தலைமை இயக்குநரானவர். மனிதர் விடுமுறை நாட்களைக் கழித்தது நீங்கள் அரை மணியில் திரும்பிவிட்ட இடத்தில்தான்.

தும்பி | 17 மே 2025

ஜூன் முதல் வாரம் என்றால் மூன்று விஷயங்களை விட்டுவிடாதீர்கள். காலை பத்து மணிக்குமுன், வெயில் படும் வெறும் மணல் ஓரத்தில் அசையாமல் நில்லுங்கள். மணல் பல்லியின் ஆணுக்கு விலாவில் அப்படி ஒரு பச்சை. பெண் அந்த மணலைத் தோண்டித்தான் முட்டையிடும். அதனால் குறுக்குவழியில் மணலை மிதித்து ஏறாதீர்கள். ஈரப் பள்ளத்தில் குனிந்து பாருங்கள். நாட்டு வைத்தியர்கள் அழுகண்ணி என்பார்களே, அதன் இனத்துச் செடி சிவப்பாக, காசு அளவு இலையோடு தரையை ஒட்டிக் கிடக்கும். மண்ணில் சத்து இல்லாததால் பூச்சியைப் பிடித்துத் தின்கிறது. மூன்றாவது, பொழுது சாய்ந்த பிறகு பக்கி என்ற இராப்பறவை. ஆப்பிரிக்காவிலிருந்து மே மாதம் வருகிறது. தரையிலேயே முட்டையிடுகிறது.

நாய் வைத்திருக்கும் நண்பர்களோடு போனால் கட்டாயம் கயிற்றில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கரியடுப்பு வேண்டவே வேண்டாம். 2020 மே மாதம் பக்கத்தில் உள்ள வேர்ஹம் காட்டில் பற்றிய தீ சுமார் 220 ஹெக்டேரைத் தின்றது. அங்கே ஒருமுறை பயன்படுத்தி எறியும் கரியடுப்புகள் பதினொன்று கிடந்தன. காய்ந்த தரவையில் தீ பிடித்தால் பறவை பறந்துவிடும், பல்லி எங்கே ஓடும்?

காவிரிக்கரையான் | 9 ஜூன் 2025

போய்விட்டு வந்தோம். தாமதமாக எழுதுவதற்கு மன்னியுங்கள்.

காலை எட்டரை மணிப் படகில் இறங்கினோம். பூல்வாசி ஐயா சொன்னபடி கரையிலிருந்து உள்நோக்கி நடந்தோம். முதல் மேட்டிலேயே அம்மா நின்றுவிட்டார். "யாரோ தேங்காய் துருவுகிறார்கள்" என்றார். சுற்றிலும் ஆள் இல்லை. பிறகுதான் தெரிந்தது, கோர்ஸ் பூவின் வாசனை. பருவம் முடிந்து ஒன்றிரண்டு மஞ்சள் பூக்களே மிஞ்சியிருந்தன. முள்ளுக்கிடையில் மெதுவாக விரலை விட்டு ஒன்றைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார். வழியெல்லாம் அதையே செய்துகொண்டு வந்தார்.

அப்பா விவசாயி. முயல் தோண்டிய வளைக்கு வெளியே கிடந்த மணலை ஒரு கை அள்ளினார். உப்பைப்போல வெளுத்திருந்தது. விரல்களுக்கிடையே ஒழுகவிட்டுவிட்டு, "இதில் எள்கூட வராது" என்றார். மரம் வெட்டுவதைப் பற்றி உங்கள் விவாதத்தை முழுவதும் அவரிடம் சொன்னேன். நான் எதிர்பார்த்த வியப்பு அவர் முகத்தில் இல்லை. "நம் ஊர்த் திடலில் மாடு மேய்வது நின்று எத்தனை வருடத்தில் சீமைக்கருவேலங்காடு ஆயிற்று? இங்கே பைன், அவ்வளவுதான்" என்றார். பிப்ரவரியில் எனக்கு எரிச்சலூட்டிய காட்சி அவருக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது.

பல்லியைப் பார்த்தோம். ஹெதர் வேரடியில், உள்ளங்கை அகல மணல் திட்டில், முன்காலால் மாற்றி மாற்றித் தோண்டிக்கொண்டிருந்தது பெண். பழுப்பு முதுகில் கண் கண்ணாகப் புள்ளி. நான்கடி தூரத்தில் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் தோண்டும், தலையைத் திருப்பி எங்களைப் பார்க்கும், மீண்டும் தோண்டும். பின்னங்காலால் அது தள்ளிய மணல் அப்பாவின் செருப்பில் வந்து விழுந்தது. அவர் காலை நகர்த்தவில்லை. பீவர் கண்ணில் படவில்லை.

ஓல்டு ஹாரியும் பார்த்தோம். அழகுதான். ஆனால் அம்மா கேட்டது, "சாயங்காலம் அந்தத் தரவைக்குத் திரும்பப் போகலாமா?" என்று. அன்றிரவு ஸ்வானேஜில்தான் தங்கினோம். சாப்பிட்டுவிட்டு வண்டியில் திரும்பி வந்தோம். ஒன்பதேகால் மணிக்குச் சூரியன் விழுந்தது. ஒன்பதரை ஆனது, ஒன்பதே முக்கால் ஆனது. குளிர ஆரம்பித்து, கிளம்பலாம் என்று நான் சொன்ன நேரத்தில் தொடங்கியது. அம்மா என் கையைப் பிடித்து, "யாரோ தையல் இயந்திரம் மிதிக்கிறார்கள்" என்றார். மூச்சு விடாமல், இரண்டு மூன்று நிமிடம் தொடர்ந்து அந்தச் சத்தம். நின்றதும் சிறகை இரண்டு முறை தட்டிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே ஓசையில்லாமல் போயிற்று. இருட்டில் வாலும் இறக்கையும் மட்டும் தெரிந்தன. பத்தரை வரை நின்றோம். இன்னும் இரண்டு பக்கிகள் தொலைவிலிருந்து பதில் கொடுத்தன.

யாழ்நடை அக்காவுக்கு: அப்பாவின் கணுக்காலில் ஓர் உண்ணி இருந்தது. உங்கள் சொல்படி இரவே பார்த்து எடுத்துவிட்டோம். சிவப்பு ஒன்றும் இல்லை.

அடுத்த பகுதியை ஸ்வானேஜிலிருந்து ஆகஸ்டில் தொடங்குகிறேன். ஆனால் ஹெதர் பூத்திருக்கும் என்கிறார்களே, அதற்காக ஸ்டட்லண்டையே இன்னொரு முறை நடக்கலாமா என்றும் யோசனை. பூல்வாசி ஐயா, வரும் குளிர்காலத்தில் மரம் அறுக்க வெளியாட்களைச் சேர்த்துக்கொள்வீர்களா? ரம்பம் நான் கொண்டுவர வேண்டுமா?

பூல்வாசி | 9 ஜூன் 2025

பறவைகள் குஞ்சு பொரித்து முடிந்த பிறகுதான் வேலை. அக்டோபரில் தொடங்கும், நாள் தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன். ரம்பம் எங்களிடம் இருக்கிறது. தடித்த தோல் கையுறை மட்டும் வாங்கி வையுங்கள், கோர்ஸ் முள் நூல் கையுறையைத் துளைத்துவிடும். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.